பார்வைத் தேவை: மிகக் குறைவு

சண்முகக்கனிக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று அவளைத் தவிர எல்லாரும் சொன்னார்கள். உதவி எண்ணில் பேசிய இயந்திரக் குரல் சொன்னது. போனில் இருந்த செயலி ஒரு பச்சை வட்டம் போட்டுச் சொன்னது. காப்பீட்டு அலுவலகத்தில் இருந்த மனிதர், மனிதர் என்பதால் சற்று இரக்கத்தோடு, அதையே சொன்னார். அவள் தைத்துக்கொடுத்த ரவிக்கைகள் மட்டும் வேறு விதமாகச் சொல்லின. ஒன்றில் கொக்கி இடமும் வளையம் இடமும் விரற்கடை தள்ளி இருந்தன. இன்னொன்றில் தோள் தையல் பாம்பு போல வளைந்து ஓடியிருந்தது. ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கைக்கு மெரூன் நூலுக்குப் பதிலாக கரும்பச்சை நூல் போட்டுத் தைத்துவிட்டாள். அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் நின்று சத்தம் போட்டதைத் தெருவே கேட்டது.

தூத்துக்குடியில் வீட்டின் முன்னறையையே கடையாக்கி இருபத்திரண்டு வருடமாகத் தைத்துக்கொண்டிருந்தவள் அவள். நாற்பத்தோரு வயதில்தான் கண்ணுக்குள் அழற்சி வந்தது. யூவியைட்டிஸ் என்று டாக்டர் பெயர் சொன்னார். முதலில் இடது கண். சாதாரணக் கண்வலி என்று நினைத்து மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டிருந்த மூன்று மாதத்தில் நடுப்பார்வை போய்விட்டது. வலது கண்ணுக்கும் வந்தபோது பதறிப்போய் திருநெல்வேலிக்கு ஓடினாள். விழித்திரையின் நடுவில், எழுத்தையும் முகத்தையும் ஊசிக்காதையும் பார்க்கிற அந்தச் சின்ன இடத்தில், நீர் கோத்து வீங்கியிருந்தது. ஸ்டீராய்டு மாத்திரையில் வீக்கம் வற்றியது. ஆனால் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, தூக்கம் போனது.

அப்புறம்தான் குச்சி வந்தது. அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. வைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் குச்சி என்றே சொன்னார்கள். அரிசி நுனி அளவுதான் இருக்கும். ஊசி வழியாகக் கண்ணுக்குள் செலுத்திவிட்டால் மூன்று வருடம் உள்ளேயே கிடந்து ஸ்டீராய்டைச் சிறுகச் சிறுக விடும். உடம்புக்கு மருந்து போகாது, கண்ணுக்கு மட்டும் போகும். அது மட்டுமென்றால் பழைய விஷயம்தான். இந்தக் குச்சிக்கு மூளை இருந்தது. வீக்கத்தைத் தானே அளந்தது, கண் எப்படி அசைகிறது என்பதையும் குறித்துக்கொண்டது. அளந்ததைத் தலைமாட்டில் வைத்திருந்த டப்பா வழியாகக் கம்பெனிக்கு அனுப்பியது. எவ்வளவு மருந்து விடுவது என்று கம்பெனியின் கணினி அங்கிருந்தே தீர்மானித்தது.

முதல் வருடம் சண்முகக்கனி குச்சியைக் கும்பிட்டாள். இரண்டாம் வருடம் கம்பெனியின் கணினியில் ஒரு புதுப்பிப்பு வந்தது. அதற்கடுத்த மாதத்திலிருந்து நேர்கோடுகள் நெளியத் தொடங்கின. வாசல் நிலை வளைந்தது. பேசுகிறவர்களின் மூக்கு இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை உட்கார்ந்துகொண்டது.

உதவி எண்ணுக்கு அவள் பதினோரு முறை பேசினாள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பெயர், பிறந்த தேதி, எந்தக் கண் என்று சொல்ல வேண்டும். முடிவில் குரல், உங்கள் கண் இலக்கு நிலையில் உள்ளது, வேறு ஏதேனும் உதவி வேண்டுமா என்று கேட்கும். பதினோராவது முறை அவள், வேறென்ன உதவி, நீ வந்து தச்சுக் குடுத்துட்டுப் போ என்றாள். குரல் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னது.

திருநெல்வேலியில் டாக்டர் ரஹ்மத் நிஷா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். வீக்கம் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. முன்பு இதைவிடக் குறைவான வீக்கத்துக்கே குச்சி மருந்தைக் கூட்டியிருக்கும், இப்போது இலக்கையே மாற்றிவிட்டார்கள் என்றார். மருந்து கூடினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் பார்வை நரம்பு சாகும். குறைந்தால் வீக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆளை எங்கே நிறுத்துவது என்பதை, அந்த ஆளுக்குப் பார்வை எவ்வளவு தேவை என்று பார்த்துக் கணினி முடிவு செய்கிறது. அதிகம் தேவைப்படுகிறவர்களுக்குக் கொஞ்சம் துணிந்து கொடுக்கும். மற்றவர்களுக்கு இழுத்துப் பிடிக்கும்.

"எனக்கு எவ்வளவு தேவைன்னு போட்டிருக்கு?" என்று சண்முகக்கனி கேட்டாள்.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். அவளால் படிக்க முடியாது என்று நினைவு வந்து, தானே வாசித்தார். "பார்வைத் தேவை, மிகக் குறைவு."

டாக்டரே மருந்தைக் கூட்டிவிடக் கூடாதா என்று அவள் கேட்டாள். முடியாது என்றார். விண்ணப்பம் போடத்தான் முடியும். அவர் மூன்று முறை போட்டிருந்தார். மூன்று முறையும் ஒரே நிமிடத்தில் மறுப்பு வந்தது. இருபது வருடம் கண் பார்த்த என்னிடம் ஒரு மெஷின் ஆதாரம் கேட்கிறது என்று அவர் சலித்துக்கொண்டது, நோயாளியிடம் சொன்ன மாதிரி இல்லை.

அதே ஆஸ்பத்திரியில் குச்சிகளின் கணக்கைப் பார்க்கிற தொழில்நுட்பர் ஆவுடையப்பன் என்பவர் கீழ்த்தளத்தில் இருந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த மனிதர். அவர் அவளுடைய பதிவுகளை எடுத்துப் பார்த்துக் குழம்பினார்.

"காலையில பத்துல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் உங்க கண்ணு ஓய்வுல இருக்குன்னு காட்டுது. மதியம் படுத்துருவியளோ?"

"படுக்கவா? அந்த நேரம்தான சார் மிஷின்ல உக்காந்து தைக்கேன்."

அவர் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, தைப்பதுபோலச் செய்து காட்டச் சொன்னார். அவள் இல்லாத துணியைத் தள்ளி, இல்லாத பெடலை மிதித்தாள். அவர் குனிந்து அவள் கண்ணையே பார்த்தார். கை நகர்ந்தது, கால் நகர்ந்தது. கண் ஊசியடியில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

ஆவுடையப்பன் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "இதுக்குச் சொல்லிக்குடுத்தவங்க யாரும் துணி தச்சதில்ல போல. வேலை செய்யுற கண்ணுன்னா வரி வரியா ஓடணும், இல்லன்னா கார் ஓட்டுறவன் கண்ணு மாதிரி அங்கயும் இங்கயும் தாவணும்னு வச்சிருக்கான். ஒரே எடத்துல நிக்கிற கண்ணு அவனுக்குச் சும்மா இருக்குற கண்ணு."

அவர் மேலிடத்துக்கு எழுதினார். கணிப்பு முறை சரியாக இயங்குகிறது என்று பதில் வந்தது. தொழிலை மாற்றிப் பதிவு செய்யலாம் என்று ஒரு படிவமும் வந்தது. படிவத்தில் இருந்த பட்டியலில் தையல் இல்லை. ஆடை வடிவமைப்பாளர் என்று ஒன்று இருந்தது, அதற்குப் பட்டச் சான்றிதழ் கேட்டார்கள். இல்லத்தரசி என்று ஒன்று இருந்தது, அதற்கு எதுவும் கேட்கவில்லை.

கிளம்பும்போது ஆவுடையப்பன் வாய் தவறிச் சொன்னார், பேப்பர் படித்தால் தேவை ஏறும் என்று. படிக்கத்தான் முடியவில்லையே என்றாள் அவள். "படிக்கணும்னு அது கேக்கலியே. கண்ணு ஓடுனாப் போதும்" என்றவர், சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோலக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலையிலிருந்து சண்முகக்கனி பேப்பர் படித்தாள். அதாவது, பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, சாம்பல் கறையை இடமிருந்து வலமாக இழுத்துப்போய், அடுத்த வரிக்குத் தாவி, மறுபடி இழுத்தாள். ஒரு எழுத்தும் தெரியவில்லை. தினம் இரண்டு மணி நேரம். துறைமுகத்தில் எடைமேடை வேலை பார்த்த கணவர் தவசிமுத்து முதல் நாள் சிரித்தார், இரண்டாம் நாள் பேப்பர் தலைகீழாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அவள் அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். மேசையில் தைக்க வேண்டிய துணி குவிந்து கிடக்க, பார்வை வேண்டுமென்று பார்ப்பதுபோல நடிக்க வேண்டியிருந்ததை நினைத்தால் அவளுக்குப் பேப்பரைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது.

மூன்று வாரத்தில் வாசல் நிலை நிமிர்ந்தது. ஐந்தாம் வாரம் தவசிமுத்துவின் மூக்கு தெரிந்தது. ஊசியில் ஒரே குத்தில் நூல் கோத்த அன்று, செயலியில் அவளுடைய தேவை "நடுத்தரம்" என்று மாறியிருந்தது.

இதை அவள் தனக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மரிய பியாட்ரிஸ். திரேஸ்புரத்தில் கருவாடு போடுகிற பெண், அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவள். கருவாட்டில் ஈ மொய்க்கிறதா புழு வைத்திருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்க்கிற கண்ணும் ஓய்வில் இருப்பதாகத்தான் கணினி எழுதியிருந்தது. பொடி மீனில் கல்லும் முள்ளும் கிடப்பது தெரியாமல் இரண்டு வியாபாரிகளை இழந்துவிட்டதாக அவள் சொன்னாள். சண்முகக்கனி வழியைச் சொல்லிக்கொடுத்தாள். பியாட்ரிசுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் என்ன, எனக்கும் ஒரு எழுத்தும் தெரியாமல்தான் ஓட்டினேன் என்றாள் சண்முகக்கனி. பியாட்ரிஸ் வீட்டில் இருந்த ஒரே புத்தகம் செபப்புத்தகம். விரலை வரிக்கடியில் வைத்து, விரல் போகிற பக்கம் கண்ணைக் கொண்டுபோக இருவரும் பழகினார்கள்.

பியாட்ரிஸ் இன்னொருத்திக்குச் சொன்னாள். அவள் இன்னொருத்திக்கு. ஏழெட்டு மாதத்தில் தூத்துக்குடி, ஆறுமுகனேரி, கோவில்பட்டி என்று பதினான்கு பெண்கள் காலையில் கையில் ஏதோ ஒரு காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தீப்பெட்டி ஒட்டுகிறவள் பழைய பஞ்சாங்கத்தில் ஓட்டினாள். லூர்து செல்வி என்ற சமையற்காரி மளிகைக்கடை விளம்பரத்தில் ஓட்டினாள். கம்பெனி ஒரு அறிக்கை வெளியிட்டது. தங்கள் சாதனத்தைப் பொருத்திக்கொண்ட தென்மாவட்டப் பெண்களிடையே வாசிப்புப் பழக்கம் மூன்று மடங்காகியிருக்கிறதாம். தவசிமுத்து அதைச் சத்தமாக வாசித்தபோது சண்முகக்கனி ஊசியை நிறுத்திவிட்டு, இவர்களுக்கெல்லாம் யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பியாட்ரிஸ் அளவு கொடுக்க வந்தாள். காப்பி டம்ளரை அவளுக்கு வலது பக்கம் சண்முகக்கனி வைத்தாள். பியாட்ரிஸ் டம்ளர் எங்கே என்று கேட்டாள். கை நீட்டினால் தொடலாம். முகத்தைத் திருப்பினாள், அப்போதும் கை தடவித்தான் கண்டுபிடித்தது. நேரே பார்த்தால் ரவிக்கையின் நூல் நிறம்வரை சொன்னாள். பக்கத்தில் நடப்பது தெரியவில்லை. போன வாரம் ஆட்டோ ஒன்று உரசிவிட்டுப் போனதைச் சாதாரணமாகச் சொன்னாள். சண்முகக்கனி தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு அவளைத் திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றினாள்.

கண் அழுத்தம் நாற்பத்து நான்கு இருந்தது. இருபதுக்குள் இருக்க வேண்டியது. இரண்டு கண்ணிலும் நரம்பு பாதிக்கு மேல் செத்திருந்தது. போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னார். குச்சி வீக்கத்தையும் கண் அசைவையும் அளக்கும், அழுத்தத்தை அளக்காது. அதற்கு ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும். மருந்து கூடியவர்கள் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வர வேண்டும். பியாட்ரிசின் போனில் இருந்த செயலியோ வருடம் ஒரு முறை வந்தால் போதும் என்று சொல்லியிருந்தது. மருந்தை ஏற்றிய கணினி, பரிசோதனைத் தேதியை மாற்றவில்லை. அது வேறு பிரிவின் வேலையாம்.

"தினம் எவ்வளவு நேரம் ஓட்டுன?" என்று சண்முகக்கனி கேட்டாள்.

"ஆறு மணி நேரம். சில நாள் ஏழு." பியாட்ரிஸ் அதைப் பெருமையாகவே சொன்னாள்.

"நான் ரெண்டு மணி நேரந்தான சொன்னேன் அக்கா."

"கூட ஓட்டுனா கூடத் தெரியும்னு நெனச்சேன்."

சண்முகக்கனி வராந்தாவில் போய் நின்றாள். ஊருக்குத் திரும்பியதும் தவசிமுத்துவிடம் சொன்னாள். அவர், நீ நடித்ததைச் சொன்னால் உன் கண்ணுக்கும் மருந்தை நிறுத்திவிடுவான், சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும் என்றார். பதின்மூன்று வீடுகளில் பதின்மூன்று பேர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதில் யாருக்கு அழுத்தம் ஏறியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்று அவள் கேட்டாள்.

மறுநாளே அவள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் ரஹ்மத் நிஷா ஆச்சரியப்படவில்லை. மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடினார், திறந்தார்.

"எனக்குத் தெரியும் கனியம்மா. ஆறு மாசமாத் தெரியும். விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு. நீங்க கண்டுபிடிச்ச வழி ஒண்ணுதான் வேலை செஞ்சுது. அதனால கண்டுக்காம விட்டேன். பியாட்ரிசோட தேதியை நான் பாத்திருக்கணும்."

அன்றே பதின்மூன்று பேரையும் வரவழைத்து அழுத்தம் பார்த்தார்கள். இரண்டு பேருக்கு ஏறத் தொடங்கியிருந்தது, சொட்டு மருந்தில் நின்றது. லூர்து செல்வி மட்டும், நீதான் சொல்லிக்கொடுத்தாய், இப்போது நீயே காட்டிக்கொடுக்கிறாய் என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் சண்முகக்கனியோடு பேசவேயில்லை.

பியாட்ரிசுக்கு நடந்ததை டாக்டர் எழுதி அனுப்பியதும், கம்பெனி காணொளியில் ஒரு விசாரணை வைத்தது. சென்னையிலிருந்து வித்யாதரன் என்ற அதிகாரி பேசினார். மரியாதையான மனிதர். எத்தனை பேர், யார் யார் என்று கேட்டார். சண்முகக்கனி தன் பெயரை மட்டும் சொன்னாள். மிஷினைக் காமிரா முன்னால் இழுத்துப் போட்டு, ஒரு ரவிக்கையின் கைக்குழியைத் தைத்துக் காட்டினாள். பதினைந்து நிமிடம் பிடித்தது. முடித்ததும் அவள் நிமிர்ந்து கேட்டாள்.

"இப்ப நான் தூங்கிட்டிருந்தேனா சார், வேலை பாத்தேனா?"

வித்யாதரன் தன் பக்கத்திலிருந்த திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. நிச்சயம் பரிசீலிப்போம் என்றார்.

ஐந்து வாரம் பரிசீலித்தார்கள். அப்புறம் புதுப்பிப்பு வந்தது. கண் ஒரு இடத்தில் நிற்பதும் வேலைதான் என்று அதில் எங்கும் இல்லை. அதற்குப் பதிலாக, படிக்காமல் படிப்பதுபோலக் கண்ணை ஓட்டுகிறவர்களைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தது. உண்மையாகப் படிக்கிற கண் எப்படி ஓடும் என்று இப்போது கணினிக்குத் துல்லியமாகத் தெரியுமாம். பிடிபட்டவர்களுக்குத் தேவை "மிகக் குறைவு". சண்முகக்கனியின் தேவை விசாரணை நடந்த வாரமே இறக்கப்பட்டிருந்தது. வாசல் நிலை மறுபடி நெளிய ஆரம்பித்திருந்தது.

அவளுக்கு அழக்கூட வரவில்லை. மருந்தைக் கூட்டச் சொல்லும் உரிமை நோயாளிக்குக் கிடையாது, ஆனால் அடியோடு நிறுத்தச் சொல்லும் உரிமை உண்டு என்று டாக்டர் தேடிக் கண்டுபிடித்தார். ஒரு கையெழுத்து போதும். ஏன் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். சண்முகக்கனி கையெழுத்துப் போட்டாள். டாக்டர் மதுரையில் ஒரு சின்ன மருந்து முகவரிடம் சொல்லிப் பழைய காலத்துக் குச்சியை வரவழைத்தார். மூளை இல்லாத குச்சி. யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. எல்லார் கண்ணிலும் ஒரே மாதிரி கரையும், நாலு மாதத்தில் தீரும். தீர்ந்தால் மறுபடி ஊசி. நடுவில் ஆறு வாரத்துக்கு ஒரு முறை டாக்டர் தன் கையால் அழுத்தம் பார்ப்பார். எப்போது போட வேண்டும், போடலாமா என்பதை அவரும் நோயாளியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். இப்படி ஒரு முறை இருந்ததையே ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் மறந்திருந்தார்கள். ஒரு மாதத்தில் சண்முகக்கனியின் கோடுகள் நேராயின. கூடவே கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. அது வரத்தான் செய்யும், வந்தால் எடுத்துவிடலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

பியாட்ரிசுக்கு ஸ்டீராய்டே கூடாது என்று குச்சியை முதல் நாளே நிறுத்திவிட்டார்கள். அழுத்தத்துக்கு அறுவை செய்தார்கள், வீக்கத்துக்கு வேறு மாத்திரை கொடுத்தார்கள். நடுப்பார்வை நின்றது. சுற்றிலும் இருட்டு, நடுவில் ஒரு சாவித்துவாரம். கருவாட்டு வேலையை மகளிடம் விட்டுவிட்டாள். சண்முகக்கனி வாரம் ஒரு முறை போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் போகாமல் இருந்துவிடலாமா என்று தோன்றும். பியாட்ரிஸ் அவளைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போனபோது, பியாட்ரிஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கம்பெனியின் கடிதம். பதினான்கு பேரும் நடிப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள், இவளுக்கு எதற்குக் கடிதம் என்று சண்முகக்கனிக்குப் புரியவில்லை. குச்சியை நிறுத்துவதற்கு முந்தைய ஆறு வாரப் பதிவைப் பற்றியது என்று மேலே போட்டிருந்தது. வாசித்துக் காட்டுகிறேன், கொடு என்று கை நீட்டினாள். பியாட்ரிஸ் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இரி. நானே வாசிக்கேன்."

"எழுத்துத் தெரியாதுன்னு சொன்னியே அக்கா?" என்றாள் சண்முகக்கனி.

"செபமெல்லாம் எனக்கு மனப்பாடம்லா. தினம் ஆறு மணி நேரம் விரலை வச்சு ஓட்டுனா, எது எந்தச் சொல்லுன்னு எட்டு மாசத்துல தெரியாமலா போவும்? அதான் ஆஸ்பத்திரில இருந்து வந்தும் விடல. இப்ப மெதுவாத்தான் வரும். ஒரு நேரத்துக்கு ரெண்டு எழுத்துத்தான் தெரியுது."

அவள் கடிதத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள். விரல் முதல் சொல்லுக்கடியில் நின்றது. முகம் கொஞ்சம் இடது பக்கம் போய், திரும்பி வந்து, தவறி, மறுபடி பிடித்தது.

"தா... ங்... கள். தாங்கள். ப... டிப்... படிப்பதாக." மூச்சு விட்டுக்கொண்டாள். "பா... வ... னை. பாவனை. பாவனைன்னா என்ன கனி?"

"நடிக்கிறது, அக்கா."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு, பியாட்ரிஸ் விரலை அடுத்த சொல்லுக்கு நகர்த்தினாள்.